செவ்வாயின் முதல் கொக்கிப்புழு

எங்கள் ஊரில் கொசு கிடையாது. ஈ, எறும்பு, கரப்பான், பல்லி எதுவும் கிடையாது. பூமியில் ஓர் இடத்தைப் பற்றி "ஈ காக்காய் கூட இல்லை" என்றால் ஆள் நடமாட்டம் இல்லை என்று பொருள். இங்கே முந்நூறு பேர் நடமாடுகிறோம், ஈ காக்காய்தான் இல்லை. செவ்வாய்க் கிரகத்துக் குடியிருப்பைப் பற்றிப் பேசுகிற பூமிக்காரர்கள் முதலில் பாராட்டுவது இதைத்தான். உலகத்திலேயே சுத்தமான ஊராம். எந்த உலகத்தில் என்று நான் கேட்பதில்லை.

நான் இந்த ஊர் டாக்டர். பெயர் மங்கையர்க்கரசி, சொந்த ஊர் கும்பகோணம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். முந்நூறு பேரும் நாள் தவறாமல் தும்மிக்கொண்டும் சொறிந்துகொண்டும் வந்து நின்றால் உங்களுக்கும் வரும். கிருமியே இல்லாத ஊரில் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் குறையவில்லை. செம்புழுதி பட்டால் மூச்சு வாங்கும். சோயா தின்றால் தடிப்பு. புதுப் போர்வை போர்த்தினால் கண் எரியும். இங்கே பிறந்த பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். ஒருவனுக்கு நிலக்கடலை ஆகாது, ஒருத்திக்குக் கோதுமை ஆகாது. கெசியாவுக்கு ஒவ்வொன்றாக எதுவுமே ஆகாமல் போனது.

கெசியாவுக்கு ஆறு வயது. அப்பா ஜெபசிங் இந்தக் குடியிருப்பின் சுகாதார அதிகாரி. அம்மா மெர்சி தண்ணீர் சுத்திகரிப்பில் வேலை பார்க்கிறாள். இரண்டு பேரும் நாசரேத் பக்கம். பயறு போய், கிழங்கு போய், காய் போய், கடைசியில் அந்தப் பிள்ளைக்கு அரிசிக் கஞ்சி மட்டும் மிஞ்சியது. ஒரு நாள் காலையில் அதுவும் போனது. கஞ்சி குடித்தவளுக்கு உதடு வீங்கி, தொண்டை அடைத்து, முகம் நீலம் பாரித்துவிட்டது. மெர்சி தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். ஊசி போட்டு இழுத்துப் பிடித்தேன்.

அன்று முதல் பூமியிலிருந்து வந்த மருத்துவ மாவுதான் சாப்பாடு. எந்த உடம்பும் சண்டைக்குப் போகாத அளவுக்கு உடைத்துச் செய்த மாவு. வாயில் வைத்தால் சுண்ணாம்பு மாதிரி இருக்கும். கெசியா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். இருப்பு ஆறு மாதத்துக்கு வரும். அடுத்த கப்பல் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

"மாவு தீந்துட்டுன்னா, டாக்டர் அக்கா?" என்று மெர்சி கேட்டாள்.

"தீர்றதுக்குள்ள வேற வழி பாக்கணும்."

"வழி இருக்கா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

அந்தக் கவலையில் எல்லோருடைய உடல்நிலைப் பதிவுகளையும் கிளறிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. நெல் பிரிவில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து நெல் போடத் தெரிந்தவர்கள் என்று பொறுக்கியெடுத்துக் கூட்டி வந்தவர்கள். இந்த ஒன்பது பேரில் ஒருவர் கூடக் கடந்த மூன்று வருஷமாக என்னிடம் தும்மலுக்கு வந்ததில்லை. ஆஸ்துமாவுக்கு வந்ததில்லை. தடிப்புக்கு வந்ததில்லை. எனக்குத் தெரியாமல் இவர்கள் ஏதோ கைவைத்தியம் செய்துகொள்கிறார்கள் என்று நினைத்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நெல் கூடாரத்துக்குக் கிளம்பினேன்.

கூடாரத்தின் கதவுக்கு வெளியே காலணிகள் வரிசையாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. முழங்கால் வரை வரும் பாதுகாப்புக் காலணிகள். விதிப்படி அவற்றைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஒன்பது பேரும் வேட்டியை மடித்துக் கட்டி, புடவையைத் தூக்கிச் செருகி, வெறுங்காலோடு சேற்றில் நின்றார்கள்.

"வைத்திலிங்கம், என்ன இது கோலம்?"

வைத்திலிங்கம் நெல் பிரிவின் தலைவர். நெல் ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் வாங்கியவர், அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்பவர்.

"வாங்க டாக்டரம்மா. செருப்பக் கழட்டிட்டு வாங்க."

"விதி என்ன சொல்லுது, தெரியுமா?"

"விதி எழுதினவன் வயல்ல எறங்கிருக்க மாட்டான். சோறு போடற மண்ணுல செருப்புக் காலோட எப்பிடிம்மா மிதிக்கறது? மனசு வருமா உங்களுக்கு?"

கும்பகோணத்துக்காரியாகப் பிறந்த பாவத்துக்கு எனக்கும் மனசு வரவில்லை. கழற்றிவிட்டு வரப்பில் நின்றபடியே அவர்கள் ஒன்பது பேரின் கால்களையும் பார்த்தேன். வைத்திலிங்கத்தின் விரலிடுக்கில் சிவப்பாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். அந்த மாதிரிக் கொப்புளத்தை நான் கல்லூரியில் படித்த காலத்தில் படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்ததே இல்லை. பிறகு நான் கேட்டதை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. மறுநாள் காலையில் ஒன்பது டப்பாக்கள் என் மேஜைக்கு வந்தன என்று மட்டும் சொல்கிறேன்.

நுண்ணோக்கியில் முதல் டப்பாவிலேயே கண்டேன். கண்ணாடி மாதிரி மெல்லிய ஓடு, உள்ளே நான்கு பிரிவாக ஒரு கரு. கொக்கிப்புழுவின் முட்டை. நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினேன். செவ்வாயில் மனிதரும் பயிரும் போக, ஓர் உயிர் யாரையும் கேட்காமல் வந்து குடியேறிவிட்டது. டாக்டருக்கு அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வைத்திலிங்கத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்தேன்.

"பூமியை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் பூச்சி மாத்திரை குடுத்தாங்களே. நீங்க முழுங்கலையா?"

அவர் கூரையைப் பார்த்தார். "அன்னிக்குக் கந்த சஷ்டிம்மா. நான் விரதம். அந்த மாத்திரைக்கு மேல் ஓடு இருக்கு பாருங்க, அது எதுல செஞ்சதுன்னு நர்ஸைக் கேட்டேன். மாட்டு எலும்புலன்னு சொல்லிட்டாங்க. விரதம் முடிஞ்சு யோசிச்சுக்கலாம்னு சட்டைப்பையில போட்டேன். சட்டை பூமியிலேயே நின்னுபோச்சு."

"சரி. கழிவுத் தொட்டியிலதான் உரத்தைக் கொதிக்க வச்சு எடுக்கறோமே. முட்டை எப்படிப் பொழைச்சுது?"

"அத்தனை சூடு வச்சா எரு செத்துப்போயிடும். நான் கொஞ்சம் கம்மி பண்ணி வச்சிருக்கேன்."

"யார்கிட்ட கேட்டு?"

"நெல்லுகிட்ட கேட்டு."

ஆக, ஒருவர் விரதத்தில் விட்ட மாத்திரை, தொட்டியில் குறைத்த சூடு, வாசலில் கழற்றிய காலணி. மண்ணில் பொரித்த புழு வெறுங்கால் வழியே ஏறி ஒன்பது பேர் குடலிலும் குடித்தனம் வைத்துவிட்டது. ஒன்பது பேருக்கும் ரத்தம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அலர்ஜி என்ற பேச்சே இல்லை.

விதி என்னவென்று எனக்குத் தெரியும். ஒட்டுண்ணி ஒன்று கண்டாலும் அந்தக் கூடாரத்துக்கு நீராவி விட்டு மண்ணை வேகவைக்க வேண்டும், எல்லோருக்கும் மாத்திரை கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் ஜெபசிங். மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நேராக அவர் அறைக்குப் போனேன். மெர்சியும் அங்கே இருந்தாள்.

முழுக்கக் கேட்டுவிட்டு ஜெபசிங் எழுந்தார். "நாளைக்கே நீராவி விட்டுருதேன். நல்ல வேளை, சீக்கிரம் கண்டுபிடிச்சிய."

"உக்காருங்க. நான் இன்னும் முடிக்கலை. அந்தப் புழுவில கொஞ்சம் கெசியாவுக்குக் குடுக்கணும்."

அவர் முகம் இறுகிவிட்டது. "என்ன சொல்லுதிய டாக்டர்?"

"நம்ம உடம்புல ஒரு படை இருக்கு. லட்சக்கணக்கான வருஷமா புழுவோட மல்லுக்கட்டிப் பழகின படை. புழுவும் லேசுப்பட்டதில்லை. கொஞ்சம் பொறுங்கன்னு படையைச் சமாதானப்படுத்தற சரக்கு ஒண்ணைத் தானே சுரக்கும். அந்தச் சமாதானத்துல ரெண்டும் ஒரே வீட்டுல குடித்தனம் நடத்திச்சு. நாம புழுவைத் தொரத்திட்டோம். இப்ப சமாதானம் பேச ஆளில்லை. படைக்கு வேலையும் இல்லை. கண்ணுல படற கஞ்சியெல்லாம் எதிரின்னு அடிக்குது. நெல் பிரிவுல ஒன்பது பேருக்கும் அடிக்கலை, ஏன்னா அவங்க வயித்துல புழு இருக்கு."

"நான் யாருன்னு தெரிஞ்சிதான் பேசுதியளா? பூமியில பதினஞ்சு வருஷம் இந்தப் புழுவத்தான் ஊரு ஊரா ஒழிச்சிட்டு வந்தேன்."

"தெரியும்."

"ஏன் ஒழிச்சேன்னு தெரியுமா? எங்கம்மா என்னையப் பெத்துப் போட்டுட்டு ரத்தமில்லாமச் செத்துப்போனா. காகிதம் மாதிரி வெளுத்துப்போயிக் கெடந்தான்னு அப்பா சொல்லுவாவ. வயித்துல பூராவும் இந்தப் புழு. அதை என் கையால என் பிள்ளைக்கு ஏத்தணுங்கிய."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, மனம் கனத்துப்போனது. அவர் சொல்வது அத்தனையும் உண்மை. அந்தப் புழு தின்ற தாய்மார்களுக்குக் கணக்கே இல்லை.

"உங்கம்மா வயித்துல நூத்துக்கணக்குல இருந்திருக்கும், ஜெபசிங். நல்ல சாப்பாடு இருந்திருக்காது, மாத்திரை இருந்திருக்காது, கேக்கறதுக்கு நாதி இருந்திருக்காது. கெசியாவுக்குப் பத்து. பத்தே பத்து. நான் எண்ணிப் போடுவேன். இரும்புச்சத்து மருந்து குடுப்பேன். ஆகலைன்னா ஒரே மாத்திரையில அன்னிக்கே கொன்னுடலாம். மாவு தீர்ந்தா அவளுக்கு வேற மாத்திரை கிடையாது."

மெர்சி புருஷனிடம் திரும்பினாள். "அத்தைய நீங்க பாத்ததே இல்ல. இவள தினமும் பாக்கிய. நீராவி விட்டியன்னா நான் இந்தப் பிள்ளையத் தூக்கிட்டுப் போயி அந்தச் சேத்துல நிப்பேன். எங்க ரெண்டு பேரையும் சேத்து வேகவைங்க."

ஜெபசிங் சன்னல் பக்கம் போய் நின்றார். அவருக்கும் ஆஸ்துமா உண்டு; கோபம் வந்தால் மூச்சு இழுக்கும். அன்றும் இழுத்தது. மருந்தை உறிஞ்சிவிட்டு என் முன்னால் வந்து சட்டைக் கையை மடித்தார்.

"மொதல்ல எனக்குப் போடுங்க. எனக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் பிள்ளைக்குப் போடலாம்."

நீராவி விடவில்லை. கூடாரத்துக்குப் பூட்டு மட்டும் போட்டார், ஒன்பது பேரைத் தவிர யாரும் நுழையக்கூடாது என்று. எருச் சூட்டையும் ஏற்றி வைத்தார். வைத்திலிங்கம் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

சேற்றிலிருந்து புழுவை எடுக்க எனக்கு விருப்பமில்லை. முட்டைகளைக் கழுவி, சுத்தமான கரித்தூளில் பொரிக்கவிட்டு, கண்ணுக்குத் தெரியாத பத்துக் குஞ்சுப் புழுக்களை ஒரு சொட்டுத் தண்ணீரில் எடுத்து, துணியில் நனைத்து ஜெபசிங்கின் முன்கையில் ஒட்டினேன். ஐந்து நிமிஷத்தில் அரிக்கிறது என்றார். அரித்தால் உள்ளே போகிறது என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். அது ஜெபம் இல்லை.

ஒரு மாதம் வயிறு பொருமியது, வாயு பிடித்தது, என்னைத் திட்டினார். இரண்டாவது மாத முடிவில் ஒரு நாள் நடைபாதையில் எதிரே வந்தார். வழக்கமாகப் பாதி வழியில் நின்று மூச்சு வாங்குகிற மனிதர், நிற்காமல் வந்தார்.

"மருந்து உறிஞ்சி மூணு நாளாச்சு டாக்டர்" என்றார். "மறந்தே போனேன் பாத்துக்கிடுங்க."

அன்று மாலையே கெசியாவுக்கு ஒட்டினோம். துணியை அவள் கையில் வைத்துக் கட்டியது ஜெபசிங்தான்.

"இதுக்குள்ள யாரு இருக்கா, டாக்டர் ஆன்ட்டி?"

"பத்துப் பேர் இருக்காங்க. உன் வயித்துல வாடகைக்கு வர்றாங்க."

"வாடகை என்ன தருவாங்க?"

"சோறு."

மூன்றாவது வாரத்தில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. குடித்த மாவையெல்லாம் வாந்தியெடுத்தாள். இருந்த உடம்பும் வற்றி, கண் உள்ளே போய்விட்டது. ஜெபசிங் கையில் பூச்சி மாத்திரையோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். "கொன்னுரலாம் டாக்டர். என்னால பாக்க முடியல." இன்னும் ஒரு வாரம் தாருங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். புழு குடலில் பிடித்துக்கொள்கிற நாட்கள் அவை, எல்லோருக்கும் வலிக்கும், பிறகு அடங்கும் என்று சொன்னேன். அடங்காவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அடங்கியது. இரண்டாவது மாதம் ரத்தப் பரிசோதனையில் படையின் கொந்தளிப்பு பாதியாக இறங்கியிருந்தது. மூன்றாவது மாதம், மாவு டப்பாவில் அடி தெரிய ஆரம்பித்தபோது, கஞ்சி வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஊசி மருந்தை ஏற்றித் தயாராக வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பருக்கையை அவள் நாக்கில் வைத்தேன். காத்திருந்தோம். உதடு அப்படியே இருந்தது. அரைக் கரண்டி கொடுத்தேன். காத்திருந்தோம். ஒரு கரண்டி. மெர்சி என் தோளைப் பிடித்திருந்த இடத்தில் மறுநாள் கன்றிப்போயிருந்தது. கெசியா எங்கள் முகங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? மீதிய யாரு திம்பா?" என்றாள்.

கிண்ணத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். வழித்து நக்கினாள். ஜெபசிங் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கூடாரத்திலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றிருந்த வைத்திலிங்கம், "நெல்லு யாருது?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரைக்கூடத் திட்டவில்லை.

அடுத்த மாதங்களில் மற்றப் பிள்ளைகளுக்கும் வரிசையாகப் போட்டேன். விதிமுறையை எழுதியவர் ஜெபசிங். ஒருவருக்குப் பத்துக்கு மேல் கிடையாது, இரும்பு மருந்து இல்லாமல் கிடையாது, கர்ப்பிணிகளுக்கு அறவே கிடையாது. கர்ப்பிணிகள் என்ற இடத்தில் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார்.

எல்லாவற்றையும் பூமிக்குச் சொல்ல வேண்டிய நாளும் வந்தது. விதி மீறியதற்கு வேலை போகும் என்று தயாராகத்தான் இருந்தேன். பதில் வந்தபோது ஜெபசிங்கும் நானும் சேர்ந்து கேட்டோம். பூமியின் சுகாதார மன்றத்திலிருந்து ஒரு அம்மாள் பேசினார். திட்டவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, அவை உயிரோடு இருக்கின்றனவா என்பதுதான்.

நாங்கள் கிளம்பிய மறு வருஷமே பூமியில் கடைசிக் கொக்கிப்புழுவும் ஒழிந்ததாக அறிவித்திருந்தார்கள். மனிதக் குடலுக்கு வெளியே அதை வளர்க்க யாராலும் முடியவில்லை, அதனால் ஆய்வகங்களிலும் ஒன்று மிஞ்சவில்லை. அங்கேயும் சாப்பிட முடியாத பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். வைத்தியம் தெரிந்தும் புழு இல்லை. இப்போது புழு இருக்கிற இடம் எங்கள் ஊர் மட்டும்தான்.

"ஒண்ணுவிடாம நாங்கதான் கொன்னோம்" என்றார் ஜெபசிங்.

"கொன்னதுல எத்தனை தாய்மார் பொழைச்சாங்க, அதையும் சொல்லுங்க."

"சொல்லுதேன். எண்ணிக் குடுக்கணும்னும் சொல்லுதேன்."

பூமியிலிருந்து அந்த அம்மாள் கடைசியில் ஒன்று கேட்டிருந்தார். கப்பல் கிளம்பப் போகிறது, பதிலுக்கு உங்களுக்கு என்ன வேண்டும் என்று. பத்துப் புழுவும் எண்ணிப் போட்டவை, சுத்தமானவை என்பதால், பூமிக்குப் போக வேண்டிய குஞ்சுகளைக் கெசியாவிடமிருந்து எடுப்பதாக ஏற்பாடு. அதனால் அவளையே கேட்டோம். தான் இதுவரை சாப்பிடாதது எதுவானாலும் சரி என்றாள். பெரிய பட்டியல்தான் அது. வைத்திலிங்கம் குறுக்கே புகுந்து, "மாவடு அனுப்பச் சொல்லுங்க. வழியில கெடாது" என்றார்.

கப்பல் வந்தது. மருத்துவ மாவு மூட்டை மூட்டையாக இறங்கியது; யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொக்கிப்புழு குப்பியில் பல மாதம் தாங்காது என்பதால் திரும்பிப் போகிற விமானி தன் கையையே நீட்டினாள். ஜெபசிங் துணியை ஒட்டி, "அரிச்சா சொறியாதம்மா" என்றார். பிறகு அவள் பையிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

முதலில் ஒரு துளி உப்புநீரை நாக்கில் வைத்து, அரை மணி பொறுத்து, அப்புறம் ஒரு கீற்று என்று நான் திட்டம் போட்டிருந்தேன். ஊசி மருந்தை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினேன். அதற்குள் கெசியா ஜாடிக்குள் கையை விட்டு, ஒரு முழு வடுவை எடுத்து, நறுக்கென்று கடித்துவிட்டாள்.

அவள் முகம் சுருங்கியது. கண் இரண்டும் இறுக மூடிக்கொண்டன. உடம்பு ஒரு தரம் உதறியது. மெர்சி ஓர் எட்டு முன்னால் வந்து நின்றுவிட்டாள். ஜெபசிங் மேஜையைப் பிடித்துக்கொண்டார். என் கையில் ஊசி இருந்தது.

கெசியா மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தாள்.

"புளிக்குது" என்றாள். மறு கையை ஜாடிக்குள் விட்டாள்.